துபாசி வேலை காலி: ஞானஸ்நானம் பெற்றவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்

அமெரிக்காவில் ஒருவர் ஜனாதிபதி நாற்காலிக்கு ஆசைப்பட்டால், ஞாயிற்றுக்கிழமை அவர் எந்தச் சர்ச்சுக்குப் போகிறார் என்று முதலில் விசாரிக்கிறார்கள். 2020 ஜூனில் டிரம்ப் வெள்ளை மாளிகையிலிருந்து பொடிநடையாகப் போய், ஒரு சர்ச் வாசலில் பைபிளை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். நம்மூர் டீக்கடைகளில்கூட அதைச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், வரி கிடையாது. ஆனால் அந்த நாடு பிறப்பதற்கு 60 வருஷம் முன்னாலேயே, மரக்காணம் உப்பளத்தைத் தாண்டித் தெற்கே ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய புதுச்சேரியில், ஒரு பெரிய உத்தியோகஸ்தரைக் கடைத்தெருவில் நிறுத்தி 50 சவுக்கடி கொடுத்தார்கள். குற்றப்பத்திரிகையில் என்னென்னவோ எழுதியிருந்தது. எழுதாமல் விட்ட முதல் குற்றம், அவர் ஞானஸ்நானம் பெறாதவர் என்பது.

அந்தக் கதைக்கு வருமுன் மரக்காணத்துக்கு ஒரு நியாயம் செய்துவிட வேண்டும். இந்தக் கரைக்கு அப்படிப்பட்ட பழக்கம் பூர்விகத்தில் கிடையாது. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்தப் பக்கம்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் வாங்கப் போகும் பாணன் அந்த ஊருக்கு வந்தால் என்ன நடக்கும் என்று நத்தத்தனார் விவரமாக எழுதியிருக்கிறார். பரதவர்கள் கூப்பிட்டு உட்கார வைத்து, பழைய கள்ளும் சுட்ட மீனும் கொடுப்பார்களாம். வந்தவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவன் என்று பாட்டில் யாரும் கேட்கவில்லை. பசியா, தாகமா என்பதோடு விசாரணை முடிந்துவிட்டது.

பிறகு சோழர் வந்தார்கள். மரக்காணம் பூமீஸ்வரர் கோயிலில் ராஜராஜன் காலத்திலிருந்தே கல்வெட்டுகள் இருக்கின்றன. அதிகாரமும் ஆண்டவனும் கூட்டுக் குடித்தனம் நடத்திய காலம் அது. ராஜா நிலம் கொடுப்பார், சாமி பெயரில் எழுதுவார்கள், கோயில் கணக்கர் கணக்குப் பார்ப்பார். அதில் மதம் எங்கே முடிகிறது, வருவாய்த்துறை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டச் சொன்னால் ராஜராஜனே விழித்திருப்பார்.

இன்றைக்கும் உப்பளத்தில் பாத்தி மிதிக்கவும் உப்பு வாரவும் ஆள் கூப்பிடும்போது, வெயில் தாங்குமா, காலில் புண் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். பக்தியை விசாரிப்பதெல்லாம் நாற்காலி போட்ட வேலைகளுக்குத்தான்.

மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கம் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை பாதி கடலிலும் பாதி மணலிலுமாகக் கிடக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் நவாப்பு ஆட்கள் கட்டினார்கள். 1750இல் சுபேதார் முசாபர் ஜங் அதைப் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தூக்கிக் கொடுத்தார். 1760இல் ஆங்கிலேயர்கள் பிடித்து உடைத்துப் போட்டார்கள். முசல்மான் கட்டியதைக் கத்தோலிக்கர் வாங்கிப் புராட்டஸ்டன்ட் இடித்தார் என்று சுருக்கமாகச் சொல்லலாம். மூன்று ஆட்சியிலும் அந்தத் துறையிலிருந்து உப்பு கப்பலேறியது. மூன்று ஆட்சிக்கும் அது ஒரே மாதிரிதான் கரித்தது.

இனி புதுச்சேரி.

துபாசி என்பது பிரெஞ்சுக் கவர்னர் பேசுவதை மொழிபெயர்க்கிற சில்லறை வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நெசவாளர்களுக்கு முன்பணம் பட்டுவாடா செய்வது, துணி மூட்டையைத் தரம் பார்ப்பது, வியாபாரிகளை வளைப்பது, ஊர்ப் பஞ்சாயத்தைத் தீர்ப்பது, நவாப்புக்குக் கடிதம் போக்குவரத்து நடத்துவது, கவர்னருக்கும் ஊருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்திலும் வசவு வாங்குவது, நடுவில் தன் சொந்த வியாபாரத்தையும் கவனித்துக்கொள்வது எல்லாம் சேர்ந்தது அந்தப் பதவி. பாரிசிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் துரைக்கு ஊர் எது, உளுந்து எது என்று தெரியாது. துபாசி கண் அசைத்தால்தான் பிரெஞ்சுக் கும்பனியின் தறி ஓடும்.

இவ்வளவு பெரிய நாற்காலியில் யார் உட்காரலாம்? கும்பனிக்குப் பதில் தெரியும்: சரக்கைச் சொன்ன தேதியில் கொண்டுவந்து சேர்ப்பவர் யாரோ அவர். சேசுசபைச் சாமியார்களுக்கு வேறு பதில் இருந்தது. ஊரில் பெரிய மனுஷன் வேதக்காரனாக இருந்தால் சின்ன மனுஷர்கள் தானாக வரிசையில் நிற்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. ஒவ்வொருவராகப் பிடித்து உபதேசம் செய்வதைவிட ஒரே ஒரு துபாசியை முழுக்காட்டினால் செலவு மிச்சம்.

இந்தத் தகராறு புதிதும் இல்லை. 1701இலேயே வேதபுரீஸ்வரர் கோயிலை இழுத்து மூட வேண்டும் என்று சேசுசபையார் கவர்னர் பிரான்சுவா மார்த்தேனை நெருக்கினார்கள். கோயில் அவர்களுடைய மாதாகோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இங்கே பூசை நடக்கும்போது அங்கே மேளச் சத்தம். கவர்னர் அசைந்து கொடுப்பார் போலத் தெரிந்ததும் ஊர்ச்சனம் மூட்டை முடிச்சோடு கோட்டை வாசலில் கூடிவிட்டது. நெசவாளி போனால் துணி போகும், துணி போனால் கும்பனி போகும், கும்பனி போனால் கவர்னர் எங்கே போவார்? மார்த்தேனுக்கு அன்றைக்கே பிற மதங்களின்பால் சகிப்புத்தன்மை உண்டாகிவிட்டது. மதச்சார்பின்மை என்கிற தத்துவம் இந்தக் கரையில் தத்துவஞானிகளிடமிருந்து வரவில்லை. துணிக்கணக்குப் பார்த்த ஒரு கிழவரின் பயத்திலிருந்து வந்தது.

1708இல் நைனியப்ப பிள்ளை பெரிய துபாசி ஆனார். கெட்டிக்காரர். அதுதான் கோளாறு. திறமை இல்லாத அஞ்ஞானியாக இருந்திருந்தால் கழித்துக்கட்டுவது சுலபம். சேசுசபையார் பாரிசுக்கு எழுதி எழுதி நெருக்கினார்கள்: ஒன்று அவரை மாற்றுங்கள், அல்லது அவர் மதத்தை மாற்றுங்கள். நைனியப்பர் இரண்டுக்கும் அசையவில்லை. அதோடு நிற்காமல் ஏழைக் கிறிஸ்தவர்களைக் கூப்பிட்டு விருந்து வைத்து ஜெபமாலையும் கொடுத்தார். அங்கேதான் சாமியார்களுக்குப் பற்றிக்கொண்டது. அஞ்ஞானி கையால் ஜெபமாலையா! நம் ஊர் அரசியல்வாதி குல்லா போட்டு இப்தார் கஞ்சி குடிப்பதற்கும், கிறிஸ்துமஸ் கேக் வெட்டுவதற்கும் நைனியப்பர்தான் முன்னோடி என்று நினைக்கிறேன். சிலை வைக்கத் தகுந்த ஆள்.

1715இல் கியோம் அந்திரே எபேர் மறுபடி புதுச்சேரிக்கு வந்து இறங்கினார். முதல் முறை கவர்னராக இருந்தபோது இதே நைனியப்பரோடு வேலை பார்த்தவர்தான். இந்த முறை சேசுசபையாரின் தயவில் வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார், தயவுக்கு விலை நைனியப்பர் தலை என்று துபாசியின் ஆட்கள் சொன்னார்கள். 1716இல் கைது. ஊரில் கலகத்தைத் தூண்டினார், அதிகாரத்தை வைத்து ஜனங்களை வருத்தினார் என்று வழக்கு.

அந்த விசாரணை நடந்த அழகைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நைனியப்பர் பேசுவது தமிழ். வழக்கு எழுதுவது பிரெஞ்சில். நடுவில் போர்த்துகீசியம். சாட்சி தமிழில் சொன்னதைப் போர்த்துகீசியத்தில் வாங்கி, அதைப் பிரெஞ்சில் இறக்கி வைத்தார்கள். இரண்டு ஆறு தாண்டி வந்த வாக்குமூலம் எந்தக் கோலத்தில் கரையேறியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். நடுவில் நின்று மொழிபெயர்த்தவர் யார் என்றால், சேசுசபை உபதேசியாரின் சொந்த மகன். ஊர் முழுக்க மொழிபெயர்த்துப் பிழைத்த பெரிய துபாசிக்குத் தன் வழக்கில் ஒரு நல்ல துபாசி கிடைக்கவில்லை.

தீர்ப்பு: கடைத்தெருவில் 50 கசையடி, மூன்று வருஷம் சிறை, சொத்து பறிமுதல். 1717இல் சிறையிலேயே செத்துப்போனார். நாற்காலி பேத்ரோ கனகராய முதலியாருக்குப் போனது. கிறிஸ்தவர். சேசுசபையார் நிம்மதியாக ஜெபம் சொன்னார்கள்.

எல்லாச் சாமியார்களும் அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊரில் இருந்த வேறு பிரெஞ்சு மிஷன் சாமியார்கள் நைனியப்பர் பக்கம் நின்று, சேசுசபையாரைத் திட்டிப் பாரிசுக்குக் கடிதம் எழுதினார்கள். வேதத்துக்காக நடந்த சண்டையில் வேதக்காரர்களே இரண்டு கட்சி. காரணம் தெரிந்ததுதான்: ஒரே ஊரில் இரண்டு மடம் இருந்தால் ஒரு மடத்துக்கு எதிரி, அடுத்த மடத்துக்கு அப்பாவி.

இப்போது நைனியப்பர் மகன் குருவப்ப பிள்ளை வருகிறார். அப்பாவைக் கொன்ற ஊரில் புலம்பிக்கொண்டு உட்காராமல் கப்பலேறிப் பிரான்சுக்கே போனார். போன இடத்தில் அவர் காட்டிய சாமர்த்தியத்துக்கு இன்றைய தேர்தல் ஆலோசகர்கள் எல்லாம் கால் தூசு பெறமாட்டார்கள். நேராக ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார். அதுவும் மூலைக்கோயில் சாமியாரிடம் இல்லை. அப்போது பிரான்சை ஆண்டுகொண்டிருந்த ஒர்லேயான் கோமகன், பாலகன் ராஜாவின் பிரதிநிதி, அவரே ஞானத்தகப்பன். குருவப்பர் சார்ல் பிலிப் லூயி குருவப்பர் ஆனார். புனித மிக்கேல் விருதுபெற்ற செவாலியே ஆனார். அப்பாவின் தீர்ப்பு கவிழ்ந்தது. எபேர் நஷ்டஈடு கட்டவேண்டி வந்தது. 1722இல் துபாசி நாற்காலி குருவப்பருக்கு வந்தது. கனகராய முதலியார் கிறிஸ்தவர் என்றால் இவர் அரண்மனைக் கிறிஸ்தவர். எந்தச் சாமியார் வாயைத் திறப்பார்? இரண்டே வருஷத்தில் 1724இல் இறந்துபோனது பாவம்தான். இருந்திருந்தால் இன்னும் நல்ல கதை கிடைத்திருக்கும்.

இதை வெறும் சந்தர்ப்பவாதம் என்று யாராவது முகம் சுளித்தால், 1953ஐ ஞாபகப்படுத்துங்கள். ஐசன்ஹோவர் ஜெயித்து, பதவிப்பிரமாணம் எடுத்து, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வாஷிங்டனில் ஒரு பிரஸ்பிட்டேரியன் சர்ச்சில் ஞானஸ்நானம் பெற்றார். உலக யுத்தத்தை ஜெயித்த தளபதி அதுவரை எந்தச் சர்ச்சிலும் பெயர் எழுதாமல் இருந்திருக்கிறார். ஜனாதிபதி ஆனதும் அது சரிப்படவில்லை. அடுத்த வருஷம் கொடி உறுதிமொழியில் கடவுளைச் சேர்த்தார்கள். 1956இல் கடவுளை நம்புகிறோம் என்பதையே தேசிய வாசகம் ஆக்கினார்கள். குருவப்பர் முழுகிவிட்டுப் பதவி வாங்கினார், ஐசன்ஹோவர் பதவி வாங்கிவிட்டு முழுகினார். நம்மவர் வரிசையை ஒழுங்காகக் கடைப்பிடித்தார் என்றுதான் சொல்வேன்.

குருவப்பருக்குப் பிறகு மீண்டும் கனகராய முதலியார். 22 வருஷம். கிறிஸ்தவ துபாசி வந்தால் ஊர் மாறிவிடும் என்று நம்பியவர்கள் அந்த 22 வருஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். இறந்த மகன் நினைவாக ஒழுகரையில் ஒரு மாதாகோயில் கட்டினார். 1745இல் திறப்புவிழா. விருந்து எப்படி? பிராமணர்களுக்குப் பிராமணர் கையால் சமைத்துத் தனியே இலை. வேளாளருக்குத் தனிச் சமையல். மற்ற சாதிகளுக்கும் அவரவர் ஆசாரப்படி ஏற்பாடு. பிரெஞ்சுத் துரைகளுக்கு மேசை. கவர்னர் துப்ளெக்ஸே வந்து உட்கார்ந்தார். இத்தனையும் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்னால் இதே நாற்காலிக்குப் போட்டியிடப்போகும் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் முணுமுணுக்கிறார்: இவர் மார்க்கத்துக்கு ஏற்றபடி நடத்தினால் ஒரு முறை, நம் வழக்கப்படி நடத்தினால் ஒரு முறை, இரண்டும் இல்லாமல் இதென்ன கூத்து என்கிற தோரணையில். பொறாமை தெரிகிறது. ஆனால் கேள்வி நியாயமானது.

அதே 1745 அக்டோபரில் அவர் எழுதி வைத்திருக்கும் இன்னொரு சம்பவம் அதைவிட ருசி. சேசுசபையாரின் சம்பா கோயிலுக்குள் ஒரு சுவர். ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர், இன்னொரு பக்கம் பறையர் கிறிஸ்தவர். கடவுளின் முன் எல்லோரும் சமம், ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளிச் சமம். காரைக்காலிலிருந்து வந்த சாமியார் இதைப் பார்த்தார்; சுவருக்கு அந்தப் பக்கத்து ஜனங்களும் கேள்வி கேட்டார்கள்; சுவரை இடிக்கச் சொல்லிவிட்டார். அந்தச் சூட்டில், துபாசி வீட்டுச் சொந்தக்காரப் பெண்மணி ஒருவர் மெல்லிய சேலையும் நகையும் வாசனையுமாகப் பூசைக்கு வந்து மண்டியிட்டார். சாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு, கைப்பிரம்பால் கொண்டையைச் சீண்டி, நீ என்ன தாசியா, உனக்குப் புருஷன் இல்லையா என்கிற மாதிரி கத்தி, வெளியே போகச் சொல்லிவிட்டார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப் போனார்கள். சுவர் போனதற்கா, சேலையைச் சொன்னதற்கா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். கடைசியில் சமரசம்: சுவருக்குப் பதில் நாற்காலி வரிசை.

1746 பிப்ரவரி 12இல் கனகராய முதலியார் காலமானார். நாற்காலி காலி. அடுத்த பல மாதங்களுக்குப் புதுச்சேரியில் நடந்ததை ஓர் இடைத்தேர்தல் என்றே வைத்துக்கொள்ளலாம்.

வேட்பாளர்கள் மூவர். செத்தவரின் தம்பி சின்ன முதலி. தகுதி, குடும்பம், வேதம். அன்னபூரண ஐயன், தகுதி, கவர்னர் மனைவியின் சிபாரிசு. ஆனந்தரங்கப் பிள்ளை, தகுதி, வேலை தெரியும். நைனியப்பரின் மைத்துனர் மகன் என்பதால் அந்த நாற்காலி என்னென்ன செய்யும் என்று வீட்டிலேயே பாடம் படித்தவர்.

கவர்னர் மனைவியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ழான் துப்ளெக்ஸ் புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் பேசுவார், பதினொரு பிள்ளை பெற்ற விதவையாக இருந்து 1741இல் துப்ளெக்சை மணந்தவர். நவாப்பு தர்பார்களில் ழான் பேகம் என்றே பெயர். சம்பா கோயில் சாமியார்களுக்கு வேண்டியவர். கிறிஸ்தவனுக்குத்தான் துபாசி வேலை என்று சாமியார்கள் ஒரு பக்கம் அம்மாளிடம் போய் நிற்க, அன்னபூரண ஐயன் இன்னொரு பக்கம் போய் நிற்க, அம்மாள் இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டார். வேதமும் வேண்டும், ஐயனும் வேண்டாம் என்றில்லை. ரங்கப் பிள்ளை மட்டும் வேண்டாம் என்பதில்தான் அம்மாளுக்கு உறுதி. பிள்ளையும் பதிலுக்குத் தன் நாட்குறிப்பில் அம்மாளைப் பக்கம் பக்கமாக அர்ச்சித்திருக்கிறார். பூட்டி வைத்த நோட்டுப் புத்தகத்தில் எழுதியதால் பிழைத்தார்.

துப்ளெக்ஸ் சாமர்த்தியசாலி. யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. பிள்ளையிடம் வேலையை வாங்கிக்கொண்டார், பட்டத்தைத் தராமல் இழுத்தார். அந்த வருஷம் சென்னைப்பட்டணத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். நவாப்பு கோபத்தில் இருக்கிறார். கடிதத்துக்கு மேல் கடிதம். இந்த நேரத்தில் ஜெபம் தெரிந்தவர் தேவையா, நவாப்பின் நாடி தெரிந்தவர் தேவையா? 1747இல் ரங்கப் பிள்ளை முறைப்படி பெரிய துபாசி ஆனார். நாமத்தோடு, ஜாதகத்தோடு, ராகுகாலத்தோடு. பின்னால் முசாபர் ஜங் அவருக்கு 3000 குதிரைக்கு மன்சப் பட்டம் கொடுத்தார். கத்தோலிக்கக் கவர்னரின் வைணவ துபாசிக்கு முசல்மான் சுபேதார் பட்டம். குதிரைகள் வந்து சேர்ந்தனவா என்று கேட்காதீர்கள். பட்டங்களுக்குக் குதிரை தேவையில்லை.

சிரிப்பதை இங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டியிருக்கிறது. 1748 செப்டம்பரில் ஆங்கிலேயத் தளபதி பாஸ்காவன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். ஊர் முழுக்கப் பீதி. இதுதான் சமயம் என்று வேதபுரீஸ்வரர் கோயிலை இடிக்க ஆணை வந்தது. பாதுகாப்புக்காக என்று ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள். முற்றுகைக் காலத்தில் எதற்கும் காரணம் கிடைக்கும். காரைக்கால் சாமியார் கேர்து பெரிய சம்மட்டியோடு வந்து லிங்கத்தை உதைத்து உடைத்தார் என்று பிள்ளை எழுதுகிறார். ஊரின் பெரிய துபாசி ஓர் இந்து. அவருடைய செல்வாக்கு கோயிலின் ஒரு கல்லைக்கூடக் காப்பாற்றவில்லை. அவர் நாட்குறிப்பு எழுதினார்.

அதே சூட்டில் மசூதியையும் இடிக்க உத்தரவானது. சிப்பாய்களின் தலைவர் அப்துல் ரகுமான் கவர்னரிடம் போய், மசூதியில் கை வைத்தால் ஒரு சிப்பாயும் இருக்கமாட்டான் என்று சொன்னார். வெளியே இங்கிலீஷ்காரன் பீரங்கி. உத்தரவு வாபஸ். 1701இல் மார்த்தேனுக்கு வந்த அதே சகிப்புத்தன்மை துப்ளெக்சுக்கும் வந்துவிட்டது. வேதபுரீஸ்வரருக்காக அன்றைக்கு நெசவாளிகள் மூட்டை கட்டியிருந்தால் ஒருவேளை அவரும் தப்பியிருப்பார். முற்றுகையில் மூட்டை கட்டிக்கொண்டு எங்கே போவது?

அதற்கு 39 வருஷம் கழித்து, 1787இல், அமெரிக்காவில் அரசியல் சாசனம் எழுத உட்கார்ந்தார்கள். தென் கரோலினாவின் சார்லஸ் பிங்க்னி ஒரு வாசகத்தைக் கொண்டுவந்தார்: எந்தப் பொது உத்தியோகத்துக்கும் மதப் பரீட்சை கூடாது. ஆறாவது பிரிவில் அது ஏறியது. நைனியப்பர் கேட்டிருந்தால் முதுகைத் தடவிக்கொண்டு சிரித்திருப்பார். சட்டம் அப்படி, ஜனங்கள் வேறு விதம். 1960இல் கென்னடி ஹூஸ்டன் வரை போய்ப் பாதிரிமார் கூட்டத்தில் நின்று, நான் கத்தோலிக்கன்தான், ஆனால் போப்பாண்டவர் சொன்னபடி ஆளமாட்டேன் என்று விளக்க வேண்டியிருந்தது. புதுச்சேரியில் கத்தோலிக்கனாக இல்லாதது குற்றம், டெக்சாஸில் கத்தோலிக்கனாக இருப்பது குற்றம். மேரிலாந்தில் டொர்காசோ என்பவர் நோட்டரி பப்ளிக் ஆகப் போனார். கடவுள் உண்டு என்று கையெழுத்துப் போடு என்றார்கள். மாட்டேன் என்றார். வேலை இல்லை என்றார்கள். ரப்பர் ஸ்டாம்ப் குத்துவதற்குக் கடவுள் எதற்கு என்று உச்ச நீதிமன்றம் வரை போய் 1961இல் ஜெயித்தார். சாசனம் வந்து 174 வருஷம் கழித்து.

நம் சாசன சபையும் இந்தக் கூத்தைத் தவறவிடவில்லை. 1949 அக்டோபர் 17 அன்று எச்.வி. காமத், முகவுரையைக் கடவுளின் பெயரால் என்று தொடங்க வேண்டும் என்றார். அசாமிலிருந்து வந்த ரோகிணி குமார் சௌதுரி எழுந்து, நாங்கள் காமாக்யா ஊர்க்காரர்கள், தேவியை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். திருவிதாங்கூர் பட்டம் தாணுப்பிள்ளை, தான் கடவுளை நம்புகிறவர் என்றாலும், நம்பிக்கையில் கட்டாயம் கூடாது என்றார். கடவுளை ஓட்டுக்கு விடாதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி கெஞ்சினார். காமத் கேட்கவில்லை. ஓட்டு நடந்தது. கடவுளுக்கு 41, எதிராக 68. கடவுள் இந்தியாவில் தோற்ற ஒரே தேர்தல் அதுதான். டெபாசிட் மட்டும் கிடைத்தது. பதவிப்பிரமாணத்தில் இரண்டு வழி வைத்தார்கள்: கடவுள் பெயரால் ஆணையிடலாம், உளமார உறுதியும் சொல்லலாம். 1967இல் அண்ணாவின் மந்திரிகள் இரண்டாவது வழியில் போனார்கள். அந்த வழி வந்தவர்கள் பலர் இன்றைக்கும் நல்ல நேரம் பார்த்துத்தான் வேட்புமனுவைக் கொடுக்கிறார்கள். உளமார உறுதி சொல்ல ராகுகாலம் கழியட்டும் என்று காத்திருப்பதில் தவறொன்றும் இல்லை.

மூன்று துபாசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். நைனியப்பர் முழுகாதவர். கனகராயர் முழுகிய குடும்பம். ரங்கப் பிள்ளை முழுகாதவர். நடுவில் ஒரு செவாலியே. முன்பணம் கொடுத்ததிலும், தரகு பிடித்ததிலும், ஊரை மேய்த்ததிலும், துரை முகம் பார்த்துப் பேசியதிலும் யார் எந்த மதம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வித்தியாசம் எல்லாம் விருந்தில் இலை போட்ட விதத்தில்தான். பதவிக்குப் பக்தியைக் கேட்டவர்களுக்கும் உண்மையில் பக்தி தேவைப்படவில்லை. தங்கள் ஆள் தேவைப்பட்டது.

ரங்கப் பிள்ளையைச் சாமியார்களாலும் அம்மாளாலும் அசைக்க முடியவில்லை. 1756இல் கவர்னர் லெரி துரை அவரை நீக்கியபோது காரணம் மதம் இல்லை: உடம்பு தளர்ந்துவிட்டது, பழைய சுறுசுறுப்பு இல்லை. எல்லா உத்தியோகஸ்தரையும் நீக்கும் காரணம். 1761 ஜனவரி 12 அன்று பிள்ளை காலமானார். நான்கே நாளில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. அவர்கள் ஊரை இடித்தார்கள், சம்பா கோயிலையும் சேர்த்து. 1773இல் சேசுசபையைப் போப்பாண்டவரே கலைத்தார். வேதபுரீஸ்வரர் வேறு இடத்தில் குடியேறி இன்றும் பூசை வாங்குகிறார். மிஷன் வீதியில் இப்போது நிற்கும் சம்பா கோயில் 1791இல் எழுந்தது. மார்க்கெட் பக்கத்தில் ரங்கப் பிள்ளை வீடு இன்னும் இருக்கிறது. போகிறவர்கள் ரங்கப் பிள்ளை வீதி எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.